கூட நிக்குது

செவ்வாய் பத்தரைக்கு லோன்காரப் பெடியன் வருவான்.
திங்கள் இரவே
சாரங்கனின் பழைய கணக்குக் கொப்பியை விரிப்பேன்.
இடப்பக்கம் அவன் செய்த பின்னங்கள்,
வலப்பக்கம் எங்கட கிழமை:

அரிசி பதினாலு கிலோ. மா. பருப்பு.
மாமாவுக்குப் பிறசர் குளிசை.
சுவேந்தினிக்குச் சப்பாத்து –
அடுத்த மாதமென்று வெட்டியிருக்கு.
லோன் இரண்டாயிரத்து நானூறு.
குறூப்பில் கட்ட ஏலாமற்போன தேவமலருக்காக
எங்கட பங்கு இருநூறு.

பதினொரு பேர்.
துண்டு விழும். விழுந்தால் பயமில்லை,
முட்டை வித்தோ கச்சான் உடைச்சோ
ஒட்டிப்போடுவன்.

இண்டைக்கு
முந்நூற்று நாற்பது ரூபா கூட நிக்குது.

மூன்று தரம் கூட்டினேன்.
போன் லைற்றைக் கிட்டப் பிடிச்சும் கூட்டினேன்.
நெஞ்சு பக்கென்றது.
இந்த வீட்டில் காசு தானாய் மிஞ்சினதில்லை.
ஆரோ எதையோ விட்டிருக்கினம்.

இவரைக் கேட்டேன்.
பீடி குறைக்கேல்லையாம், சத்தியமாம்.
பெரியவன் விசுவமடுவிலிருந்து பஸ்ஸிலதான் வந்தானாம்;
செருப்பு முழுக்கச் செம்மண்.
மச்சாள் பல்லுக்கொதிக்கு மருந்தெடுக்கப் போகேல்லை,
கிராம்பு போதுமாம்.
மாமா நித்திரை மாதிரிக் கிடந்தார்.
குளிசைச் சரையை மெல்லத் தூக்கி எண்ணினேன்:
ஏழு இருக்கவேணும்.
பதினொன்று.

கொப்பியை மூடப் போனேன்.
எதிர்ப்பக்கத்தில், சாரங்கனின் ஒன்பதாம் கணக்குக்குக் கீழே
ரீச்சர் சிவப்பு மையால் எழுதியிருந்தா:
விடை சரி.
செய்கை எங்கே?