பூஜ்யம் பூஜ்யம் இரண்டு

வெளியே சுப்பீரியர் ஏரி
கரையோரம் உறைந்து கிடக்கிறது.
மூடிப்போன பள்ளிக்கூடத்தின் ஜிம்மில்
செவ்வாய்தோறும் காலை ஒன்பதரை.
கூடைப்பந்துக் கோடுகளின் மேலேயே
யாரோ பச்சை நாடா ஒட்டியிருக்கிறார்கள்.
எது என் கோடு என்று பிடிபடவே
மூன்று வாரம் ஆயிற்று.

மட்டை இரவல்.
பிடியில் வேறு யாருடைய விரல்களோ
பள்ளம் பள்ளமாய்.
பந்தில் இருபத்தாறு ஓட்டை.
முறை வரும்வரை
எண்ணத்தான் நேரமிருந்தது.

நான் அடித்த முதல் பந்து மேலே விளக்குக் கூண்டில்.
அடுத்தது காப்பிக் குடுவையில்.
மூன்றாவதை அடிக்கவேயில்லை.
மட்டை காற்றை வீசிவிட்டுத் திரும்பியது,
பந்து என் காலடியில் விழுந்து
தன்பாட்டுக்கு உருண்டு போனது.

‘அவசரப்படாதே மார்லிஸ்’ என்றாள் டூலா.
காகித ஆலையில் பதினேழு வருஷம்
என்னோடு ஒரே ஷிஃப்டில் சுருள் ஏற்றியவள்.
‘நாம் போடுவதை அவர்கள் ஒருமுறை துள்ளவிட வேண்டும்.
அவர்கள் திருப்புவதை நாம் துள்ளவிட வேண்டும்.
அதற்கப்புறம்தான் சண்டை.’

வலையிலிருந்து ஏழடிக்குப் பெயர் சமையலறை.
அங்கே நின்றபடி
பந்தை அந்தரத்தில் அடிக்கக் கூடாதாம்.
வீட்டில் இத்தனை வருஷம்
என்னை அங்கிருந்து வெளியே விட்டதில்லை,
இங்கே கால் வைக்காதே என்கிறார்கள்.
சிரிப்பு வந்தது.
சிரித்துக்கொண்டே கால் வைத்துவிட்டேன்.
தப்பு, என்று கத்தினார்கள் மூன்று பேரும்.

எண்ணிக்கை சொல்வதுதான் பெரும்பாடு.
நம் புள்ளி, அவர்கள் புள்ளி,
போடுவது முதல் ஆளா இரண்டாம் ஆளா.
ஆட்டம் தொடங்குகிறபோதே இரண்டாம் ஆள்:
பூஜ்யம், பூஜ்யம், இரண்டு.
ஏன் என்று கேட்டேன்.
பல் டாக்டர் ஆர்வில் உதட்டைப் பிதுக்கினார்.
எனக்கு விளங்கிவிட்டது.
ஒரு வாய்ப்பு முன்னமே போய்விட்டது என்று
வைத்துக்கொண்டு ஆட வேண்டும்.
ஆலை மூடியதிலிருந்து
வேறெப்படி ஆடுகிறேன்?

இன்று வரிசையிலிருந்து நாலு மட்டை எடுத்தார்கள்.
டூலா. நான். எதிரே ஆர்வில்.
அவருக்குப் பக்கத்தில், பளபளக்கும் புது ஷூவில்,
ரோல்ஃப் ஹாகன்.
எங்கள் எல்லோருக்கும் வந்த கடிதத்தின்
அடியில் இருந்த கையெழுத்து.
கடைசி எழுத்தின் வால் எந்தப் பக்கம் வளையும் என்று
இருட்டில்கூடச் சொல்வேன்.

அவரும் புதுசு.
போட்டதெல்லாம் வலையில்.
ஒவ்வொரு தடவையும் ‘மன்னிக்கவும்’ என்றார்,
வலையிடம், பந்திடம், ஆர்வில்லிடம்.
கடிதத்தில் அந்தச் சொல் இல்லை.

ஐந்து, மூன்று, இரண்டு என்று டூலா போட்டாள்.
பந்து போய் வந்து
என் நெஞ்சுயரத்துக்கு மிதந்து வந்தது.
அவர் வயிற்றைப் பார்த்து ஓங்கினேன்.
விலகிப் போய்
பச்சை நாடாவுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

குனிந்து பார்த்தார் ஹாகன்.
‘உள்ளே’ என்றார்.

ஒரு புள்ளி.
பதினேழு வருஷத்துக்கு.

‘வெளியே’ என்றேன்.
‘இல்லை, உள்ளேதான்.’
‘வெளியே, ஹாகன்.’
உனக்கென்ன பைத்தியமா, என்றது டூலாவின் முழங்கை.
ஆர்வில் கண்ணாடியைக் கழற்றி
இல்லாத தூசியைத் துடைத்தார்.

பந்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.
‘மூன்று, ஐந்து…’
நின்றுவிட்டார்.
பந்து கையில், வாய் பாதி திறந்து,
யாரும் சொல்லித்தர மாட்டார்கள் என்று
தெரிந்துவைத்திருப்பவர்போல.

‘ஒன்று’ என்றேன்.

அந்தப் பந்து வலையைத் தாண்டியது.
துள்ளவிட்டேன். திருப்பினேன். துள்ளவிட்டார்.
அப்புறம் யாருக்கும் ஓங்கத் தோன்றவில்லை.
ஏழடிக்கு வெளியே நாலு பேரும் நின்று
பாலில் ஆடை கலையாமல் ஊதுவதுபோல்
தட்டித் தட்டி அனுப்பினோம்.
பதினான்கு வரை எண்ணினேன்.
பதினைந்தாவதை வலையில் போட்டது நான்தான்.

தோற்றோம்.
முடிந்ததும் வலைக்கு மேலே
மட்டைகளை முட்டிக்கொள்வது இங்கே வழக்கம்.
டூலாவோடு ஒரு டக். ஆர்வில்லோடு ஒரு டக்.
மூன்றாவது டக் கொஞ்சம் தாமதமாய்,
சத்தமே வராத மாதிரி.

பனிக்காலணியை மாட்டும்போது
அடுத்த செவ்வாய் வருவாயா என்றாள் டூலா.
எனக்கு இன்னும் சர்வீஸ் வரவில்லையே,
என்றேன்.