மைனஸ் இரண்டு

படி உள்ள ஹோல் என்றால் அறுபத்தொரு கட்டை.
லிஃப்ட் உள்ள ஹோல் என்றால் எண்பத்தெட்டு.
இசை பற்றிய முதல் முடிவை
எப்போதும் என் நாரிதான் எடுக்கிறது.

மார்க்கம் வீதியில் ஒரு சாமத்திய வீடு.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
காரின் பின்பெட்டியில் கிடந்த கட்டைகள்
பிரேதத்தின் பல்லைப்போல் குளிர்ந்திருந்தன.
உடனே கரண்ட் கொடுக்கக் கூடாது,
உள்ளுக்குள் வியர்க்கும்.
என் மேற்கோட்டால் போர்த்திவிட்டு
அரை மணித்தியாலம் பக்கத்தில் நின்றேன்,
காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் காவலிருப்பதுபோல.
அதற்குள் கேட்டரிங்காரர் இரண்டு முறை
இடியப்பத் தட்டுத் தூக்கச் சொன்னார்.
தூக்கினேன்.

பாட வந்தவள் வித்யுதா, பதினேழு வயது.
தொண்டை கட்டியிருக்கு அண்ணா, என்றாள்
மேடைப் படியில் கால் வைத்துக்கொண்டு.
ஒரு பொத்தானை இரண்டு தரம் அமத்தினேன்.
மைனஸ் இரண்டு.
விரல்கள் பழகிய பாதையிலேயே போயின,
பாட்டு மட்டும் கீழே இறங்கி
அவள் நின்ற இடத்துக்கு வந்தது.
சனம் அவளுக்குக் கைதட்டியது.
தட்டட்டும்.
எனக்குப் பேசியது இருநூற்றைம்பது,
கைதட்டல் அதற்குள் அடக்கமில்லை.

தொகையைச் சொல்லிவிட்டு
ஃபோனில் வாயை மூடிக்கொண்டிருப்பது,
அதைப் பழக மூன்று வருசம் போனது.
சரளிவரிசைக்குக்கூட அவ்வளவு எடுக்கவில்லை.
முதலிரண்டு வருசமும்
கொத்துரொட்டிப் பார்சலும்
நாலு பேர் பார்ப்பார்கள் தம்பி என்ற வார்த்தையும்.
நாலு பேர் பார்த்தார்கள்.
நாலு பேரும் பார்சல்தான் தந்தார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இது பொய்யாகிவிடும்.
என் இடது பக்கத்தில் முன்பு ஒரு கதிரை இருந்தது.
அருள்நேசன். புல்லாங்குழல்.
ஒருநாள் குழுத் தலைவர் குகதாசன் கேட்டார்,
உன்ர பெட்டிக்குள்ள குழல் இருக்குத்தானே?
இருந்தது. நாற்பத்தேழாம் இலக்கம்.
மூச்சு வாங்காத குழல்,
சாப்பாட்டு மேசையில் இடம் கேட்காத குழல்.
எனக்கு ஐம்பது டொலர் கூட்டினார்கள்.
வாங்கினேன்.
இப்போதும் நாற்பத்தேழை அமத்தினால்
அருள்நேசன் மூச்செடுக்கிற இடங்களில்
விரல் தானாகத் தூக்கிக்கொள்கிறது.
அதை மரியாதை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வரிக் கணக்கு எழுதுகிற ரேணுகாதேவி கேட்டா,
தொழில்?
கீபோர்ட், என்றேன்.
டேட்டா என்ட்ரி என்று அடித்துக்கொண்டு போனா.
திருத்தவில்லை.
அந்த வருசம் செலவு வரவை விழுங்கியிருந்தது,
பெரும்பாலும் பெற்றோலும் பார்க்கிங்கும்.

போன மாசியில் ஓர் அழைப்பு.
அண்ணை, பாட்டெல்லாம் யூஎஸ்பியில் இருக்கு.
நீங்கள் சும்மா வந்து நின்றால் போதும்,
வீடியோவுக்கு வடிவாயிருக்கும்.
அதே காசு.

போனேன்.
வயர் எதிலும் செருகப்படாமல்
பாம்புச் சட்டைபோல் காலடியில் கிடந்தது.
நாலு மணித்தியாலமும் முழுதாக வாசித்தேன்.
மூன்றாம் பாட்டின் சரணத்தில் ஒரு கட்டை தவறியது.
ஒருவருக்கும் கேட்டிருக்காது,
எனக்கே கேட்கவில்லை.
முகம் மட்டும் சுட்டது.
பெட்டியைப் பூட்டும்போது
அருள்நேசனின் நம்பரைத் தேடினேன்.
அது இப்போது வேறு யாருடையதோ.

ஞாயிறு காலை ஏழரை.
நோர்த் யோர்க்கில் ஒரு கொரியத் தேவாலயம்.
லிஃப்ட் உண்டு.
மொழி தெரியாது.
போதகரின் வலது தோள் உயர்ந்தால்
அடுத்த அடி வரப்போகிறது என்று அர்த்தம்,
அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.
இன்று அவருக்குத் தடிமன்.
இருமிவிட்டு என் பக்கம் திரும்புகிறார்.
பொத்தானில் விரலை வைத்தபடி
தோளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
எவ்வளவு இறங்க வேண்டும் என்று.