வால் இல்லாத பலூன்கள்

எங்கள் உளவாளிக்குச் சுவரை ஊடுருவத் தெரியும்.
ஆனாலும் ஆமர் வீதிச் சந்தியில்
அடையாள அட்டையை மறந்துவிட்டு வந்ததற்காக
நாற்பது நிமிடம் வாங்கில் குந்தியிருந்தான்.
முதலாம் இதழின் முதற் பகிடி அது.
ஷிஹாரா சிரிக்கவில்லை.
"எங்கட மாமாக்குப் போன கிழமை நடந்ததுதானே இது" என்றாள்.
வாங்கை மட்டும்
இன்னும் கொஞ்சம் நீளமாக வரைந்தாள்.

காற்றழகன் அவன் பெயர்.
முகமூடிக்கு மேலே மூக்குக்கண்ணாடி.
கூட்டாளி ஏஜன்ட் பெரைரா.
அவளுக்குச் சக்தி ஒன்றும் கிடையாது,
ஒரு குடை, பெற்றோல் பற்றுச்சீட்டுகள் திணித்த ஒரு பை.
பாதி உடம்பு சுவருக்குள் மாட்டிக்கொண்ட நிலையில்
அவன் விடும் பகிடிகளுக்கெல்லாம்
ஒன்பது இதழ்களாக அவள் சொல்லும் ஒரே பதில்
"ம்."

அந்த ம்-ஐ நான் எழுதுவதில்லை.
ஷிஹாரா தானே போடுகிறாள்,
புள்ளியைக் கடைசியாய் வைத்து
டப்பென்று பேனாவை மூடுகிறாள்.

சிரிப்பவன் வில்லன்தான்.
டொக்டர் ஈயநாதன்.
பேரை வாவியை ஜெலியாக உறையவைத்துக்
கூழைக்கடாக்களைப் பணயம் பிடித்தவன்.
காற்றழகனைத் தலைகீழாய்க் கட்டித் தொங்கவிட்டுக்
கதிரையை இழுத்துப்போட்டு உட்காருவான்:
"அந்த இடியப்பப் பகிடியை இன்னொருக்காச் சொல்லு."
அவன் சாகும் பக்கத்தை மூன்று தரம் எழுதினேன்.
மூன்று தரமும் அவன் கையில்
ஒரு தேத்தண்ணிக் கோப்பையை வரைந்து வைத்தாள்.
"குடிச்சி முடிக்கட்டும்."

லெமினேட்டிங் கடைக்கு மேலே எங்கள் அறை, கொட்டாஞ்சேனையில்.
சண்டை எப்போதும் பலூன் அளவில்தான் தொடங்கும்.
என் எழுத்துகளுக்கோ கொம்பு, கால், சுழி.
அவள் விடும் இடமோ கடலைச் சுருளின் வாய் அளவு.
உலகத்தை அழிக்கும் சூத்திரம் ஒன்று
இடம் காணாமல்
"பிறகு சொல்றன்" என்று சுருங்கியது.
வாசகர்களுக்கு அதுதான் பிடித்தது.
கடிதமே வந்தது.

பிறகு அந்தப் படிவம்.
மருதானை அச்சகத்தில், லயனல் அண்ணன் நீட்டியது.
ஆக்கம் என்ற கட்டத்தில் என் பெயர் மட்டும் எழுதினேன்.
ஏன் என்று அவள் கேட்டபோது
"கட்டத்தில இடம் காணேல்ல" என்றேன்.
அன்றைக்குத்தான் முதல்தடவையாகச் சிரித்தாள்.
நான் பகிடி விட்டிருக்கவில்லை.

அதன்பின் பக்கங்கள் மட்டும் வந்தன,
தெமட்டகொடையிலிருந்து, அவளுடைய தம்பியின் ஆட்டோவில்,
மீன் பாண் பைக்குள் மடியாமல்.

பத்தாம் இதழ்.
தாமரைக் கோபுரத்து லிப்டில் மூன்று பேர்.
பாதியில் மின்சாரம் போகிறது.
காற்றழகன் சுவரால் போய்விடலாம்.
வெளியே வெறும் காற்று,
உள்ளே பெரைரா.
போகவில்லை.
ஈயநாதன் கோப்பையைச் சிந்தாமல் பிடித்திருப்பான்,
நாங்களாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.
ஆறு கட்டமும் முழுக் கறுப்பு.
"மைக்காசு ஆர் தாறது?" என்றார் லயனல் அண்ணன்.

பலூன்கள் இருந்தன. வால்கள் இல்லை.
எது எவருடைய குரல் என்று தெரியாது.
"பயமா?" என்று ஒன்றில் எழுதினேன்,
"குடை இருக்கு" என்று இன்னொன்றில்,
யார் யாருக்குச் சொன்னதென்று எனக்கே தெரியாமல்.

கடைசிக் கட்டத்தில் மட்டும் ஒரு பெரிய பலூன்,
பத்து இதழில் அவள் எனக்கு விட்டதிலேயே பெரியது.
அதற்கு வால் இருந்தது.
சட்டத்தைத் தாண்டி,
ஓரத்து வெள்ளையைத் தாண்டி,
தாளைப் பிடித்திருந்த என் பெருவிரலில் வந்து முடிந்தது.

இடியப்பப் பகிடியை எழுதினேன். அழித்தேன்.
மன்னிப்பு என்று தொடங்கினேன்,
அது எங்கள் கதையில் யாரும் பேசாத தமிழ்.
நாலு மணி.
அவளுடைய பெயரை எழுதினேன், வாப்பாவின் பெயரோடு, முழுசாக.
எழுதியும் இடம் மிச்சம் இருந்தது.
தம்பி ஆட்டோவை நிறுத்தாமலே வாங்கிக்கொண்டு போனான்.

அச்சகம் மூடமுன் பக்கம் திரும்பி வந்தது.
முஸம்மிலில் நான் போட்ட ஒரு ல் அதிகம்,
சிவப்பு வட்டம்.
அதற்குக் கீழே, கறுப்பில், புதிதாய்
வால் இல்லாத ஒரு சின்னப் பலூன்:
"ம்."