கோழி ஒன்று, தோல்

ஓட்டமாவடி மிருக வைத்தியசாலைப் பதிவேட்டில்
மாட்டுக்கு ஒரு நிரல், ஆட்டுக்கு ஒன்று,
பிறகு நாய், பூனை, கோழி.
டொக்டர் முஃபீதா பேனை மூடியைக் கொஞ்சநேரம் கடித்தார்.
பிறகு எழுதினார்: கோழி ஒன்று, தோல்.

கோழி என் மடியில், றெஜிபோம் பெட்டிக்குள்,
நாக்கை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டிருந்தது.

மார்கழி வெள்ளத்தோடு குசினிக்குள் வந்தது.
முதுகில் இரண்டு மஞ்சள் கோடு,
அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல.
விசமில்லை என்றாள் பக்கத்து வளவு ஜெயசீலி.
சொல்லிவிட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள்.
வடிந்ததும் விடலாம் என்று
இறால் பெட்டியில் போட்டு வைத்தேன்.
குளிர்ச்சியாய்க் கிடக்கட்டும் என்று ஈரச்சாக்கு.
தவளை போட்டேன், தின்றது.
வெள்ளம் வடிந்தது.
நான் விடவில்லை.
ஐந்தரைக்கு வேலைக்குப் போய்
இருட்டில் திரும்பும் வீட்டில்
தலையைத் தூக்கிப் பார்க்க ஒன்று, அவ்வளவுதான்.

"மேலுக்கு வடிவாத்தான் இரிக்கும்.
அடியைப் பார்க்கணும்"
என்று டொக்டர் அதை மல்லாத்தினார்.
வயிற்றுச் செதில்களின் ஓரமெல்லாம்
தேத்தண்ணி ஊறிய கடதாசியின் பழுப்பு.
கொப்புளம் மூன்று, ஒன்று உடைந்திருந்தது.
இடக்கண்ணில் போனமுறை கழற்றாத தோல்,
உப்புக்காற்றில் கிடந்த கண்ணாடி மாதிரி.
தண்ணீர்க் கோப்பையில் மிளகுத்தூளாய் மிதந்ததை
ஊத்தை என்று நினைத்திருந்தேன்.
"உண்ணி" என்றார். "ரத்தம் குடிக்கிற உண்ணி.
தண்ணிக்குள்ள திரியிற பாம்புக்கும்
காயிறதுக்கு ஒரு இடம் வேணும், புள்ள."

சாக்கை எறியச் சொன்னார், பெட்டியையும்.
பழைய பேப்பர் விரி, நனைந்த உடனே மாற்று.
அயடீனைத் தண்ணியில் கலந்து தினம் கொஞ்சநேரம் விடு.
"எவ்வளவு டொக்டர்?"
"பிளேன்டீ நிறம். சாயம் குறைஞ்ச பிளேன்டீ.
விருந்தாளிக்குக் குடுக்கிறதில்ல,
கடன் கேட்டு வந்தவனுக்குக் குடுக்கிறது."
கண்ணில் மட்டும் நகம் வைத்துவிடாதே,
அடுத்த தோலோடு தானாய்க் கழரும்.
"சுகமானதும் வயல்ல விடு.
வளர்க்கிறது சட்டப்படி பிழை.
நான் பார்த்தது கோழி."
அயடீன் போத்தல் இரண்டு தந்தார்.
பெட்டிக்கு அடியில் கையை ஒளித்தபடியே வாங்கினேன்.

வாழைச்சேனையில், இறால் உரிக்கும் இடத்தில்,
வேலை தொடங்குமுன் கை காட்ட வேண்டும்.
புண் இருந்தால் அன்றைக்குச் சம்பளமில்லை.
நாங்கள் புறங்கையை நீட்டுவோம்.
சுப்பவைசர் புறங்கையைப் பார்ப்பார்.
ஐஸ் தண்ணீரில் பத்து மணித்தியாலம் ஊறி
வெளுத்து வெடித்த விரலிடுக்கை
அவரும் விரித்துப் பார்ப்பதில்லை,
நாங்களும் விரிப்பதில்லை.

அன்றிரவு பேசினுக்குள் அது நீந்தவில்லை.
விளிம்பில் நாடியை வைத்து
என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தது.
துடைத்துப் பேப்பரில் விட்டபிறகு
இன்னொரு பேசின் கலந்தேன்.
நிறம் கொஞ்சம் கூடிப்போச்சு,
விருந்தாளிக்குக் குடுக்கலாம்.
எரிந்தது.
பல்லைக் கடித்துக்கொண்டு
ஒவ்வொரு விரலாய் இறக்கினேன்.

தை பிறந்து ஒரு கிழமை, சட்டை கழற்றியது.
மூக்கிலிருந்து வால்வரை ஒரே துண்டு.
தலைப்பக்கத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
வலக்கண்ணில் சின்னப் பளிங்குப் பொத்தான்.
இடக்கண்ணில் ஓட்டை.

"கோழிக்கு வயிறு காஞ்சிட்டு டொக்டர்," என்றேன் போனில்,
"கண்மூடி ஒண்டு இன்னும் கழரல்ல."
"இன்னொரு தரம் கழட்டட்டும், பொறு" என்றார்.
பின்னால் ஒரு ஆடு கத்தியது.
வைத்துவிட்டார் என்று நினைத்தேன்.
"மற்றக் கோழிக்கு?" என்றார்.