இடம்: கொச்சி

இரவு பதினொன்று நாற்பதுக்கு
தலையணைக்கு அடியில் போன் துள்ளியது.
உங்கள் கணக்கில் நுழைவு.
இடம்: கொச்சி.
நீங்கள்தானா? ஆம். இல்லை.

நான் சின்னத்துறையில், கொசுவலைக்குள்.
கணக்கு எங்கள் இரண்டு பேருக்கும் பொது.
ததேயுஸ் தங்கலுக்குப் போய் முப்பத்தாறு நாள்.
தோப்பும்படியில் ஐஸ் ஏற்றும்போது
கூப்பிட்டதுதான் கடைசி.

கரை பிடிச்சாச்சு.
முதலில் மீதி எவ்வளவு என்று பார்ப்பார்,
அப்புறம்தான் பெண்டாட்டியைக் கூப்பிடுவார்,
அந்த மனிதர் அப்படியாக்கும்.
நான் கூப்பிட்டேன்.
தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.
சார்ஜ் இருக்காது.
ஆம் என்பதைத் தொட்டேன்.

அதே போட்டில் போனவனின் பெண்டாட்டி
பிரிஜித்தாவின் கதவைத் தட்டினேன்.
அவள் அடுத்த கதவைத் தட்டினாள்.
விடிவதற்குள் பதினோரு வீட்டிலும் லைட்.

பத்து மணிக்கு நித்திரவிளை வங்கி.
ஷிபின் என்கிற பையன் திரையைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்.
"ராத்திரி பதினொண்ணு நாற்பதுக்கு
நீங்க என்ன செய்திட்டிருந்தீங்க?"
மகளுக்குப் பரீட்சை பீஸ் கட்டினேன்.
"அது இதாக்கும் அக்கா.
உங்க நெட் கம்பெனிக்காரனுக்க நம்பரெல்லாம்
கொச்சின்னு எழுதிப்போட்டிருக்கு.
நீங்க அடுக்களையில நின்னு தட்டினாலும்
கொச்சிதான்."

ஐம்பத்தாறில் கிழித்த கோடு
களியக்காவிளையில் பஸ்ஸுக்குத் தெரியும்,
போலீசுக்குத் தெரியும்,
மீன் லாரிக்குத் தெரியும்.
கம்பிக்குள் ஓடுகிறதுக்குத் தெரியாது போல.

நான் என் வீட்டுக்குள் நுழைந்ததை
எனக்கே சொல்லியிருக்கிறது,
ஊரை மட்டும் மாற்றி.
நான்தான் என்று
நானே ஒப்பும் வைத்திருக்கிறேன்.

திரும்பும் வழியில்
பத்துப் படி ஏறிச் சொல்ல வேண்டியிருந்தது.
மூன்றாவது வீட்டில் திட்டினார்கள்.
ஏழாவதில் ஒன்றும் பேசவில்லை,
அதற்குத் திட்டு எவ்வளவோ மேல்.
பிரிஜித்தா மரச்சீனி அவித்து
மீன்கறிக்கு அரைத்தும் வைத்திருந்தாள்.
கேட்டுவிட்டு அம்மியைக் கழுவினாள்.
"வெந்தது வெந்தாச்சு. தின்னுட்டுப் போ."

போனில் வானிலையும் கொச்சிதான்.
மாற்றித் தரட்டுமா என்று ஷிபின் கேட்டிருந்தான்.
கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இங்கே மணல் பொரிகிற வெயில்.
மாலை நாலுக்கு மேல்
இடியோடு மழை என்கிறது அது.
கொடியில் கிடந்த அவர் சாரத்தை
எடுத்து உள்ளே போட்டேன்.