கல் கட்டிய புடலை

பிஞ்சு விரல் நீளம் வந்ததும்
கல் கட்ட வேண்டும்.
இல்லையென்றால் சுருண்டுகொள்ளும் புடலை.
சுருண்டதைச் சந்தையில் யாரும் தொடமாட்டார்கள்.
வாய்க்கால் மேட்டில் பொறுக்கிய கற்கள்,
சாக்கில் உருவிய நூல்.
நாற்பது சென்ட் பந்தலில்
முந்நூற்றுப் பன்னிரண்டு தொங்கின
இந்தக் கார்த்திகைக்கு.

திங்கட்கிழமை போன் சொன்னது
எண்பது சதவீதம் மழை.
டிவியில் கடலூருக்குச் சிவப்பு அடித்திருந்தார்கள்.
துறைமுகத்தில் மூன்றாம் நம்பர் கூண்டு ஏற்றியாச்சு என்று
மீன்கூடையை இறக்காமலே சொல்லிப் போனாள்
தேவனாம்பட்டினத்துக்காரி.

அன்று ராத்திரி
நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு
நானும் கொழுந்தன் அரசப்பனும்
முழம் வளர்ந்தது, அரைமுழம் வளர்ந்தது
எல்லாம் அறுத்தோம்.
அறுக்கும்போது புடலைக்கு ஒரு வாடை உண்டு,
ஈரச்சாக்கில் படுத்து எழுந்தாற்போல.
இரண்டு நாள் கையை விட்டுப் போகாது.

நாலரை மணிக்கு
எக்ஸெல் வண்டியில் மூன்று மூட்டை.
கெடிலம் பாலத்தில் இலை அசையக் காற்றில்லை.
மேலே விடிவெள்ளி,
துலக்கி வைத்தது மாதிரி.

உழவர் சந்தையில்
எல்லோரிடமும் அதே போன்.
குவியல் குவியலாகப் பிஞ்சு.
விலைப்பலகையில் எட்டு என்று எழுதின அதிகாரி
பத்து மணிக்கு உள்ளங்கையால் துடைத்துவிட்டு
ஐந்து போட்டார்.
கழுத்தில் என் அட்டை.
அஞ்சலாட்சி, புடலை, கத்தரி, வெண்டை.
பக்கத்தில் சிரிக்காத என் முகம்.
மஞ்சக்குப்பத்து டீச்சரம்மா
ஒன்றை எடுத்து, வளைத்து,
"இன்னும் வளரலையேம்மா" என்றாள்.
ஆமாங்க என்றேன்.
அவசரம் எனக்குத்தான், அதற்கில்லை.

மழை வரவில்லை.
செவ்வாய் வரவில்லை, புதன் வரவில்லை.
சிவப்பு மஞ்சளாகி
மஞ்சள் ஒன்றுமில்லாமல் ஆனது.
மிச்சமிருந்த விரல் நீளப் பிஞ்சுகளுக்கு
மறுபடி கல் கட்டினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நல்ல வெயில்.
மொட்டைமாடியில் மிளகாய் காயப்போட்டிருந்தேன்.
மேற்கே எங்கேயோ பெய்ததற்கு
அணையைத் திறந்துவிட்டார்களாம்.
எங்கள் தலைக்குமேல் பொட்டு மேகமில்லை,
தென்பெண்ணை வந்துவிட்டது.
முதலில் எலிகள்.
பிறகு நுரை.
பிறகு யார் வீட்டதோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
நாலு காலும் மேலே தூக்கி.
கத்தரிக்குக் கழுத்துவரை,
வெண்டைக்கு இடுப்புவரை,
பந்தல் ஒரு பக்கமாக முட்டிபோட்டது.
காய்ந்த புடவையோடு
மேட்டுவரப்பில் நின்று பார்த்தேன்.
வியர்த்தது.

கணக்கெடுக்க வந்தவர்
மழை எத்தனை சென்டிமீட்டர் என்றார்.
மழையே இல்லை என்றேன்.
பேனாவை மூடினார். திறந்தார்.
காரணம் என்ற கட்டத்தில்
கனமழை என்று எழுதிக்கொண்டார்.
கட்டத்துக்கு அதுதான் அளவாம்.

அந்த வாரம் கத்தரி கிலோ நூற்றுப்பத்து.
ஒட்டன்சத்திரத்து லாரியில் வந்தது.
கால் கிலோ வாங்கினேன்,
என் வயசுக்குக் கத்தரிக்காயைக்
காசு கொடுத்து வாங்கியது அன்றுதான்.
சொத்தை பார்க்காமல் வாங்கிவிட்டேன்.
வாங்கிப் பழக்கமில்லை.

வண்டல் காய்ந்து ஓடுவிட்டிருந்தது.
நூல்நுனி தெரிந்த இடத்திலெல்லாம்
குனிந்து இழுத்தேன்.
நூலுக்கு ஒரு கல் வந்தது.
சிலதில் கல்லோடு புடலையும் வந்தது,
கறுத்து, அழுகி,
நேராக.

கழுவி எண்ணினேன். நூற்று எழுபத்தொன்று.
மற்றதெல்லாம் கடலுக்குப் போயிருக்கும்.

கீரைக்கு இருபத்திரண்டு நாள் போதும்.
விதையை மணலோடு கலந்து
பாத்தி ஓரம் உட்கார்ந்து
போனைப் பார்த்தேன்.
இருபது சதவீதம் என்றது.
அரைப்பாத்தி தெளித்துவிட்டு
மீதியை முடிந்து
இடுப்பில் செருகிக்கொண்டேன்.