மூன்று மில்லிமீட்டர்

பிப்ரவரி. ஃப்ளோரோவுக்கு மேற்கே, திறந்த கடல்.
நூலேணியின் ஏழாவது படியில் நான்.
காலடியிலிருந்து
அலை படகை எடுத்துக்கொண்டு போனது.
இடது கை மட்டும் கயிற்றை விடவில்லை.
உடம்பு முழுக்க அதில் தொங்க
தோளுக்குள் ஏதோ
பீங்கான் மாதிரி விண்டது.
மீன் எண்ணெய் ஏற்றி வந்த அந்தக் கப்பலை
அன்று வேறொரு பைலட் துறைமுகம் சேர்த்தார்.

பெர்கனில் மருத்துவர் ஷெல்பிரெட்
என் தோள்குழியைத் திரையில் சுழற்றிக் காட்டினார்.
தேநீர்த் தட்டளவுகூட ஆழமில்லாத குழி,
முன் விளிம்பு பெயர்ந்து கிடந்தது.
"முன்பென்றால் ஒரு சாண் திறந்திருப்போம்,
தசையை அறுத்து விலக்கி.
இப்போது மூன்று துளை போதும்.
திருகாணி போகும் வழியைப் படத்தில் போட்டாகிவிட்டது.
கேமரா உங்கள் எலும்பைக் கண்ணெடுக்காமல் பார்க்கும்."

நரம்பு எவ்வளவு தூரம், என்றேன்.
"பன்னிரண்டு மில்லிமீட்டர்."
புரிந்தது.
குறுகிய நீரிணையில் பாறைக்கும் கப்பலுக்கும் நடுவே
நான் கேட்பதும் பன்னிரண்டுதான்,
மீட்டரில்.

கடற்கரை நாற்காலி நிலை என்று பெயராம்,
சாய்த்து உட்கார வைத்தார்கள்.
இருபத்திரண்டு வருடம் கடலில் இருக்கிறேன்,
கடற்கரையில் இப்படிச் சாய்ந்ததில்லை.
கழுத்தில் ஊசி.
"கையைத் தூக்குங்கள்" என்றாள் செவிலி ஹோதன்.
தூக்கிவிட்டதாகத்தான் நினைத்தேன்.
கை அங்கேயே கிடந்தது,
யாரோ பேருந்தில் மறந்த குடைபோல.

முழுமயக்கம் வேண்டாமென்றவள் நான்.
அரைத்தூக்கம், திரைச்சீலைக்கு இப்பால் தலை,
எதிரே இரண்டு திரைகள்.
ஒன்றில் குழாய்க் கேமரா காட்டும் என் உள்ளே:
பனிமூட்டமான வெள்ளை, மிதக்கும் நார்கள்.
மற்றதில் வரைபடம்.
காக்கை அலகு எலும்பில் நட்ட சிறு கொம்பு,
அதில் மூன்று வெள்ளி உருண்டைகள்.
அவற்றை வைத்துத்தான் கணினிக்கு என் தோள் தெரியும்.

பச்சைக் கோடு. வட்டத்தின் நடுவில் புள்ளி.
துளையிடலாம் என்றது திரை.

அவர் துளையிடவில்லை.
காட்டுகோலை எடுத்து
குழியின் விளிம்பில் மெல்ல வைத்தார்.
ஒரு திரையில் முனை எலும்பைத் தொட்டது.
மறு திரையில்
எலும்புக்கு மேலே, வெறும் காற்றில் நின்றது.
"மூன்று மில்லிமீட்டர்."
யாருடைய முழங்கையோ கொம்பை இடித்திருக்கிறது.
பயிற்சி மருத்துவர் யோருனுக்கு
முகக்கவசத்துக்கு மேல் கண்கள் மட்டும்தான் தெரிந்தன.
அவையே போதுமாயிருந்தன.

மூடுபனியில் ஒருமுறை
என் கருவி கப்பலைத் தேவாலயத்தின் கூரைமேல் நிறுத்தியது.
கப்பல்தலைவர் அதை நம்பிச் சுக்கானுக்கு ஆணையிடப் போனார்.
நான் கதவைத் திறந்து வெளியே போய் நின்றேன்,
மணிச்சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று.

"இருப்பிடத்தை மறுபடி குறியுங்கள்" என்றேன், சீலைக்கு இப்பாலிருந்து.
ஒரு நொடி அமைதி.
"அதைத்தான் செய்கிறோம்" என்றவர்
ஹோதனிடம் கேட்டார்:
"இவருக்கு மருந்து போதுமா?"

புள்ளி புள்ளியாக எலும்பைத் தடவினார்கள்.
இருபத்தாறு நிமிடம்.
ஒரு முறை மட்டும் யாரோ இருமினார்.
பிறகு துளைக்கும் ஒலி,
காது வழியாக அல்ல,
பல் வழியாக வந்தது.
இரண்டு திருகாணிகள்.

கட்டுப் பிரித்த அன்று
அரிசி நீளத்தில் மூன்று தழும்புகள்.
"இவ்வளவுதானா!" என்றார் ஸ்வெய்னுங்.
கணவர்களிடம் சில நேரம் பதில் சொல்லக் கூடாது.

பதினான்காம் வாரம்
இரண்டாம் அலமாரித் தட்டின் காப்பி டப்பா எட்டியது.
மூன்றாம் தட்டு இன்னும் இல்லை.
அலுவலகத்தில் வானொலி முன் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள்.
பிறர் ஏறும் கப்பல்களுக்கு
ஏணி எந்தப் பக்கம் என்று சொல்கிறேன்.

படகுக் கொட்டகையின் உத்தரத்தில்
பழைய நூலேணி ஒன்றைக் கட்டியிருக்கிறேன்.
மருத்துவருக்குத் தெரியாது.
இன்று காலை ஐந்து ஏறினேன்.
ஆறாவதில் இடது கையை வைத்தேன்,
எடை கொடுக்காமல், சும்மா.
திருகாணிகள் தங்கள் வேலையில் இருந்தன.
கீழே மரத்தரை, அலை இல்லை.
இருந்தும்
வலது கை கயிற்றை விட
வெகுநேரம் ஆனது.